நான்காவது நாற்காலி

லவான் ஹவ்கனுக்கு ஐம்பத்தெட்டு வயது முடிந்திருந்தது. அந்த ஐம்பத்தெட்டு வருஷத்தில் அவள் யாரிடமும் ‘இல்லை’, ‘வேண்டாம்’, ‘முடியாது’ என்று சொன்னதாக யாருக்கும் ஞாபகமில்லை. வாசலுக்கு வந்து விற்றவனுக்கு மனசு நோகக்கூடாது என்று வீட்டில் மூன்று வேக்வம் கிளீனர் வாங்கி வைத்திருந்தாள். கல்யாணமே அப்படித்தான் நடந்தது. ரோஜர் ஒரு நாள் தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே, “ஜூன் மாசம் கல்யாணம் பண்ணிக்கலாமான்னு ஒரு யோசனை, உனக்கு வேற வேலை எதுவும் இருக்கா?” என்று கேட்டான். “வேற வேலை ஒண்ணும் இல்ல” என்றாள். நல்லவேளை, ரோஜர் தங்கமான மனுஷன். வேறு எவனாவது வந்து கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே எனக்குப் பகீரென்கிறது.

லவானை மட்டும் சொல்லிப் பிரயோஜனமில்லை. மினசோட்டாவின் வடக்கு மூலையில், எங்கள் கவுண்டி, அதாவது மாவட்டம், முழுவதற்கும் இதே வியாதிதான். இங்கே ‘மோசமில்லை’ என்றால் பிரமாதம் என்று அர்த்தம். தட்டில் கடைசித் துண்டு கேக் இருந்தால் அதை யாரும் எடுக்க மாட்டார்கள். எடுத்தால் அடுத்தவர் வாயிலிருந்து பிடுங்கியது போல. ஒருவர் அதைப் பாதியாக வெட்டி ஒரு பாதியை எடுப்பார், அடுத்தவர் மீதியைப் பாதியாக்குவார். சாயங்காலம் பாத்திரம் கழுவும்போது சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு மிச்சமிருக்கும். சாலையில் எதிரே வண்டி வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவோம். ஒரே ஒரு விரல். அதுதான் வணக்கம், சௌக்கியமா, அப்புறம் பார்க்கலாம், எல்லாம்.

இப்படிப்பட்ட ஊரில் ஆர்டெல் நைகார்ட் மேல் திருட்டு வழக்கு வந்தது.

ஆர்டெல் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவன். பத்தொன்பது வருஷமாக ஓட்டுகிறான். பனி முழங்கால் உயரம் கொட்டினாலும் பிள்ளைகள் ஏறும் இடத்தில் பஸ் ஒரு நிமிஷம் முந்தியே நிற்கும். கையுறையை மறந்துவிட்டு வரும் பிள்ளைகளுக்காக அவன் சீட்டுக்கு அடியில் ஒரு பெட்டி நிறையக் கையுறை வைத்திருப்பான். திருட்டு வழக்கில் தண்டனை பெற்றவன் பஸ் ஓட்டக்கூடாது என்பது பள்ளிக்கூடத்தின் விதி. ஆகவே தீர்ப்பு பாதகமாக வந்தால் ஆர்டெலுக்குப் பஸ் போய்விடும். மனைவி மக்கள் இல்லாத அவனுக்கு அந்தப் பஸ்ஸும் அதில் ஏறும் முப்பத்தோரு பிள்ளைகளும்தான் எல்லாம்.

வழக்கு இதுதான். குளிர்காலத்தில் உறைந்த ஏரியின் மேல் சிறு பலகைக் குடிசையை நிறுத்தி, உள்ளே உட்கார்ந்து, பனியில் ஓட்டை போட்டு மீன் பிடிப்பது எங்கள் வழக்கம். மார்ச் மாதம் பனி மெலிவதற்குள் குடிசையை இழுத்துக் கரை சேர்த்துவிட வேண்டும். லைல் பிராக்கேக்கு பிப்ரவரியில் கால் முறிந்துவிட்டது. அவனுடைய குடிசை ஏரியிலேயே நின்றது. ஆர்டெல் பார்த்தான். ஒரு சாயங்காலம் தன் வண்டியில் கட்டி இழுத்துத் தன் கொல்லையில் கொண்டுபோய் வைத்தான். தரைப் பலகை உளுத்திருந்தது, மாற்றினான். சுவரில் பெயிண்ட் உரிந்திருந்தது, பச்சை அடித்தான். லைலிடம் சொன்னானா? சொல்லவில்லை. சொன்னால் உதவி வாங்கிக்கொண்டோமே என்று லைலுக்குச் சங்கடமாக இருக்கும் அல்லவா! வேலை முடிந்ததும் சத்தமில்லாமல் லைலின் களஞ்சியத்துக்குப் பின்னால் விட்டுவிடலாம் என்று நினைத்திருந்தான்.

குடிசை ஏரியில் மூழ்கிவிட்டது என்று லைல் எண்ணிக்கொண்டான். ஜூன் மாதம் ஆர்டெலின் வீட்டு வழியாகப் போனபோது பச்சைப் பெயிண்டோடு அது நிற்கிறது! இது என்னுடையது ஆயிற்றே என்று கேட்கலாம் இல்லையா? கேட்கவில்லை. வண்டியை நிறுத்தி, “நல்ல குடிசையா வெச்சிருக்கீங்க” என்றான். ஆர்டெலே உண்மையைச் சொல்லட்டும் என்று காத்திருந்தான். லைல் நன்றி சொல்கிறான் என்று நினைத்துக்கொண்ட ஆர்டெல் வெட்கப்பட்டு, “அது ஒண்ணும் பெருசில்ல” என்றான்.

லைல் வீட்டுக்குப் போய் இரண்டு வாரம் பொருமினான். பிறகு மனைவியிடம் சொன்னான். அவள் தங்கையிடம் சொன்னாள். தங்கையின் கணவன் போலீஸில் இருந்தான், புகாராக எழுதிவிட்டான். எழுதிய பிறகு வேண்டாம் என்றால் எழுதினவன் மனசு கஷ்டப்படுமே என்று லைல் வாயை மூடிக்கொண்டான். அக்டோபரில் வழக்கு விசாரணைக்கு வந்துவிட்டது. மினசோட்டா மாநிலம் ஒரு பக்கம், ஆர்டெல் நைகார்ட் மறுபக்கம். ஒரு மாநிலமே தன்மேல் வழக்குப் போட்டிருக்கிறது என்று அழைப்பாணையில் படித்தபோது, இத்தனை பேருக்குத் தொந்தரவு கொடுத்துவிட்டோமே என்று ஆர்டெல் வருத்தப்பட்டானாம்.

கோர்ட்டில் தீர்ப்புச் சொல்லும் ஜூரியாக வரச் சொல்லி லவானுக்குக் கடிதம் வந்தது. தானியக் கிடங்கில் லாரிகளுக்கு எடை போடும் வேலை அவளுக்கு. அறுவடைக் காலம், தலைக்கு மேல் வேலை. ஆனாலும் முடியாது என்று சொல்ல அவளுக்கு வருமா? போனாள்.

“ஆர்டெலைத் தெரிஞ்சவங்க கை தூக்குங்க” என்றார் நீதிபதி மார்கிட் லுண்டே. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் கை தூக்கினார்கள். நீதிபதியும் பேனாவோடு தன் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, “சரி, தெரிஞ்சும் நியாயமா இருக்க முடியும்கிறவங்க மட்டும் உக்காருங்க” என்றார். ஒரு வழியாக ஆறு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். சின்ன வழக்குக்கு ஆறு பேர் போதும். லவானுக்குக் கிடைத்தது நான்காவது நாற்காலி.

நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவர்களிடம் பேசினார். வருஷா வருஷம் எத்தனையோ ஜூரிகளிடம் பேசியிருந்தும் அன்றுதான் முதல் தடவை பேசுவது போலப் பேசினார்.

“இந்தக் கறுப்பு அங்கி என்னோடது. இந்தச் சுத்தியலும் என்னோடது. ஆனா ஆர்டெல் குத்தவாளின்னு சொல்ற அதிகாரம் எனக்குக் கிடையாது. கவர்னருக்குக் கிடையாது, ஜனாதிபதிக்கும் கிடையாது. உங்க ஆறு பேருக்குத்தான் இருக்கு. இந்த நிமிஷம் அவர் குத்தமில்லாதவர். அவர் எதையும் நிரூபிக்க வேண்டாம், அரசாங்கம்தான் நிரூபிக்கணும். நியாயமான சந்தேகம் இருந்தா நீங்க அரசாங்கத்தைப் பாத்து இல்லைன்னு சொல்லணும். அதுக்காகத்தான் இந்த நாற்காலியைப் போட்டு வெச்சிருக்கு. ஒரு ராஜாவைப் பாத்து வேண்டாம்னு சொன்னவங்க கட்டின நாடு இது, ஞாபகம் இருக்கட்டும். ஆறு பேரும் ஒத்துப்போகணும். ஆனா ஒவ்வொருத்தரும் அவங்கவங்க மனசுக்குத்தான் பதில் சொல்லணும்.”

ராஜாவைப் பார்த்து வேண்டாம் என்றவர்களின் நாட்டில், இரண்டாவது முறை பரிமாற வருகிறவளைப் பார்த்து வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் நாங்கள் எப்படி வந்து பிறந்தோமோ!

அரசு வக்கீல் ரீனா மொரெட்டி நியூ ஜெர்சியிலிருந்து வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கெட்டிக்காரி. மனதில் பட்டதைப் பட்டென்று சொல்கிறவள். அதனாலேயே அவளைக் கண்டால் எல்லாருக்கும் கொஞ்சம் பயம். ஆர்டெல் சாட்சிக் கூண்டில் ஏறி, திருப்பித் தரத்தான் நினைத்திருந்தேன் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“அப்போ ஏன் அவர்கிட்ட சொல்லல?” என்றாள் ரீனா.

“சொன்னா அவருக்குச் சங்கடமா இருக்குமேன்னு...”

“நல்ல குடிசையா வெச்சிருக்கீங்கன்னு அவர் சொன்னப்போ, நீங்க என்ன பதில் சொன்னீங்க?”

“அது ஒண்ணும் பெருசில்லன்னு சொன்னேன்.”

“இது உங்களுதுதான்னு சொல்லல?”

“அது அவருக்கே தெரியுமேம்மா.”

ரீனா ஜூரியின் பக்கம் திரும்பினாள். “நீங்களே சொல்லுங்க. அடுத்தவன் பொருளைப் பத்திப் பேசும்போது யாராவது அது ஒண்ணும் பெருசில்லன்னு சொல்வாங்களா? தன்னோடதைப் பத்தித்தானே அப்படிச் சொல்வாங்க?”

எல்லாரும் சொல்வார்களே என்று லவான் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். நம் வீடு தீப்பிடித்து, அணைத்தவனுக்கு நன்றி சொன்னாலும் அது ஒன்றும் பெரிதில்லை என்பான். அது அன்பைத் தள்ளிவிடாமல் கூச்சத்தோடு வாங்கிக்கொள்கிற வார்த்தை. வேறொன்றுமில்லை.

இரண்டு மணிக்கு ஆறு பேரையும் பின்னறைக்கு அனுப்பினார்கள். டவாலி வால்டர் தன் மனைவி செய்த எலுமிச்சை கேக்கை ஒரு தட்டு நிறைய வைத்து, காபி வைத்து, கதவைச் சாத்திவிட்டுப் போனார். அந்த அறையில் நடந்ததைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அவர்களில் மூத்தவர் டுவெய்ன், பால் பண்ணையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவரைத் தலைவராகப் போட்டார்கள். அவர் தொண்டையைக் கனைத்தார். “அந்த வக்கீல் பொண்ணு பாவம், எவ்வளவோ தூரத்துலேர்ந்து வந்திருக்கு. நல்லா தயார் பண்ணிட்டு வந்திருக்கு. அது சொல்றதுலயும் ஒரு இது இருக்கத்தான் செய்யுது, இல்லையா?”

சும்மா, வெளியூர்ப் பெண்ணின் பக்கத்தையும் மதித்து முதலில் பேசுவோம் என்று சொன்னார். அவ்வளவுதான். ஆனால் மற்ற ஐந்து பேருக்கும், ஓகோ, டுவெய்னுக்கு ஆர்டெல் குற்றவாளி என்று தோன்றுகிறது போல என்று பட்டது.

“நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றான் விவசாயி ஹார்லன்.

“ஹார்லனுக்கே சரின்னா நான் எதுக்குக் குறுக்க நிக்கணும்?” என்றாள் பாதிரியாரின் மனைவி பெவர்லி.

முடிவெட்டும் கர்டிஸ், “எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லீங்க” என்றான். கடைசி நாற்காலியில் இருந்த நர்ஸ் பா கூ வாங் லாவோஸிலிருந்து வந்த குடும்பத்துப் பெண், ஆனால் பிறந்து வளர்ந்ததெல்லாம் எங்கள் கவுண்டியில்தான். இந்தச் சங்கோஜத்தில் எங்களைவிட ஒரு படி மேல். “பெரியவங்க எல்லாரும் ஒரு முடிவுக்கு வந்தப்புறம் நான் என்னத்த சொல்ல” என்று புன்னகை செய்தாள்.

எல்லாரும் லவானைப் பார்த்தார்கள். அவள் வாயைத் திறந்தாள். ஆர்டெலின் கையுறைப் பெட்டி கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. “உங்க எல்லாருக்கும் சரின்னா எனக்கும் சரிதான்” என்றாள்.

சீட்டு எழுதிப் போட்டுப் பார்க்கலாமா என்று கர்டிஸ் மெல்ல ஆரம்பித்தான். ஒருவரையொருவர் நம்பவில்லை என்று ஆகிவிடுமே என்று அவனே நிறுத்திக்கொண்டான். இருபது நிமிஷத்தில் முடிந்தது. தட்டில் கடைசிக் கேக் துண்டு ஏழாவது முறையாகப் பாதியாகி, யாரும் தொடாமல் கிடந்தது.

கூடத்தில் டுவெய்ன் எழுந்து நின்று, “குற்றவாளி” என்று படித்தார். அவர் குரல் அவருக்கே பிடிக்காத மாதிரி வந்தது. லைல் தலையைக் குனிந்துகொண்டான். அவன் முகத்தில் ஜெயித்த களை துளிகூட இல்லை. ஆர்டெல் மட்டும் ஆறு பேரையும் ஏறிட்டுப் பார்த்தான்.

“அறுவடை நேரத்துல வேலையை விட்டுட்டு வந்து உக்காந்தீங்க. ரொம்ப நன்றிங்க” என்றான்.

அடப்பாவி மனுஷா! உன்னைக் கவிழ்த்தவர்களுக்கா நன்றி சொல்கிறாய்?

அப்போது ஆர்டெலின் வக்கீல், படிப்பு முடித்து வந்த சின்னப் பையன், எழுந்து திக்கித் திக்கி ஒன்று கேட்டான். ஜூரியை ஒவ்வொருவராகக் கேட்க வேண்டும் என்றான். கேட்கச் சொல்லி வற்புறுத்தும் உரிமை அவனுக்கு உண்டு. பெரும்பாலும் ஒரு சடங்கு போல முடிந்துவிடுகிற விஷயம்தான்.

“கேட்டுடலாம்” என்றார் நீதிபதி. “டுவெய்ன், இது உங்க தீர்ப்புதானா?”

“ஆமா... ஆமாங்க.”

“ஹார்லன், இது உங்க தீர்ப்புதானா?”

“பரவாயில்லீங்க.”

“பரவாயில்லைங்கறது பதில் இல்ல, ஹார்லன். ஆமாவா, இல்லையா?”

“அப்போ ஆமான்னே வெச்சுக்கோங்க.”

பெவர்லி தரையைப் பார்த்து, “ஆமா” என்றாள்.

“லவான், இது உங்க தீர்ப்புதானா?”

“மத்தவங்க எல்லாருக்கும்...” என்று ஆரம்பித்தாள் லவான்.

“மத்தவங்களைப் பத்தி நான் கேக்கல. உங்களைக் கேக்கறேன். இது உங்க தீர்ப்புதானா?”

தட்டச்சுக்காரி விரலை யந்திரத்தின் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஐம்பத்தெட்டு வருஷத்தில் லவானை யாரும் இப்படிக் கேட்டதில்லை. எல்லாரும் அவள் சரி என்பாள் என்று தெரிந்துகொண்டுதான் கேட்டிருக்கிறார்கள். இந்த நீதிபதியம்மாள் நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்கிறார். இரண்டு பதிலில் எதைச் சொன்னாலும் எழுதிக்கொள்வார். டுவெய்ன் என்ன நினைப்பார், பெவர்லியின் முகத்தில் ஞாயிற்றுக்கிழமை எப்படி விழிப்பது, எடைமேடையில் இந்நேரம் எத்தனை லாரி நிற்கும், எல்லாம் ஓடியது. பிறகு கையுறைப் பெட்டி.

“இல்ல” என்றாள்.

சின்னக் குரல்தான். ஆனால் வந்துவிட்டது. உடனே பதறிப்போய், “மன்னிச்சுக்கோங்க, நீதிபதியம்மா” என்றாள்.

“மன்னிப்பு எதுக்கு?” என்றார் நீதிபதி. “இதைக் கேக்கத்தானே நான் இங்க உக்காந்திருக்கேன்.”

இரண்டாவது நாற்காலியிலிருந்து ஒரு கை மெல்ல எழுந்தது. “நீதிபதியம்மா,” என்றான் ஹார்லன், “நான் சொன்னதைக் கொஞ்சம் மாத்திக்கலாங்களா?”

மறுபடி பின்னறைக்கு அனுப்பினார்கள். கதவு சாத்தியதும் லவான், “என்மேல கோவமா?” என்று டுவெய்னைக் கேட்டாள்.

“கோவமா! நான் எப்போம்மா அவன் குத்தவாளின்னு சொன்னேன்?”

“நீங்கதானே ஆரம்பிச்சீங்க!” என்றார்கள் நான்கு பேர் ஒரே நேரத்தில்.

“ஐயோ, அந்தப் பொண்ணுக்கு மரியாதை குடுத்து ரெண்டு வார்த்தை சொன்னேன். நீங்க எல்லாரும் சரி சரின்னதும், ஓகோ இவங்களுக்கெல்லாம் அப்படித்தான் தோணுது போலன்னு நான் சும்மா இருந்துட்டேன்.”

“எனக்குத் தோணவே இல்ல” என்றாள் பா கூ வாங். “எங்க அண்ணன் பசங்க அவர் பஸ்லதான் போறாங்க. அது ஒண்ணும் பெருசில்லன்னு நானே தினம் பத்து தடவை சொல்றேன்.”

இந்த முறை சீட்டு எழுதினார்கள். காபியோடு வைத்திருந்த காகிதக் கைக்குட்டையின் பின்புறம், ஆளுக்கு ஒன்று. டுவெய்ன் பிரித்துப் படித்தார். ஆறிலும் ஒரே பதில். ஒன்றில் மட்டும் ‘குற்றவாளி இல்லை’ என்பதற்குக் கீழே, ‘ஆனால் மற்றவர்களுக்குச் சம்மதமென்றால் மட்டும்’ என்று எழுதி அடித்திருந்தது. யார் எழுதியது என்று கேட்காமல் விட்டுவிட்டார்கள்.

இவ்வளவு பெரிய நாட்டின் சட்டம் கடைசியில் ஒருத்தியிடம் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பொறுமையாகக் காத்திருந்தது. அது மட்டும் காத்திருக்காவிட்டால் ஆறு நல்ல மனுஷர்கள் சேர்ந்து மரியாதையாகவே ஒரு மனுஷனை ஒழித்துக்கட்டியிருப்பார்கள்.

எழுந்திருக்கும்போது லவானின் கண் தட்டில் விழுந்தது. “இதை யாரும் எடுத்துக்கலையா? அப்போ நான் எடுத்துக்கறேன்” என்று கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டாள். கூடத்தில் அவள் ‘இல்லை’ என்றபோது பிளந்த வாய்கள் இப்போது இன்னும் பெரிதாகத் திறந்தன.

தீர்ப்பைப் படித்ததும் ரீனா மொரெட்டி நேராக ஆர்டெலிடம் போய்க் கை கொடுத்தாள். “இந்த ஊர்க்காரங்களுக்கு ஒரு அகராதி போட்டுத் தாங்க முதல்ல” என்றாள். வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் லைல் ஊன்றுகோலோடு நின்றுகொண்டிருந்தான். ஆர்டெலும் வந்து நின்றான். இருவரும் வானத்தைப் பார்த்தார்கள். ரொம்ப நேரம் பார்த்தார்கள்.

“பச்சை மோசமில்ல” என்றான் லைல் கடைசியில். அவன் கண் கலங்கியிருந்தது.

“அது ஒண்ணும் பெருசில்ல” என்றான் ஆர்டெல்.

மறுநாள் காலை ஏழு மணி. லவான் தன் வண்டியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். எதிரே மஞ்சள் பஸ் வந்தது, நிறையப் பிள்ளைகளோடு. அவள் வழக்கம்போல ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கினாள். ஆர்டெல் கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்தான். ஐந்து விரலையும் விரித்து, முழங்கையோடு தூக்கி, கண்ணாடிக்குள்ளிருந்து நன்றாக ஆட்டினான். பத்தொன்பது வருஷத்தில் அவன் யாருக்கும் அப்படிக் கை காட்டியதில்லை. பின்னால் இருந்த பிள்ளைகள் என்ன ஏது என்று தெரியாமலே சேர்ந்து கை ஆட்டின.

லவான் எடைமேடைக்கு நான்கு நிமிஷம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தாள். வழியில் ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு அழுதிருந்தாள். முதல் லாரிக்காரன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்னம்மா, எல்லாம் நல்லாத்தானே இருக்கு?” என்று கேட்டான்.

“மோசமில்ல” என்றாள் லவான்.